ஒரே நேரத்தில் பலர் கேட்டால்

செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் அஜித்நாதனின் மருமகள் சுதர்சனா. என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். முழுசாகச் சொன்னால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன். மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களைச் சென்னைக் கம்பெனி ஒன்று எழுதித் தருகிறது. ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகள், அதாவது புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள், கூப்பிட்டால் அவை குழம்புமா, குழம்பாதா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவது இவள் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறாள். அதில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

தேதியை எழுத்தாக்கித் தரும் ஃபங்ஷனில்தான் வம்பு வந்தது. யார் கேட்டாலும் பதிலை அது ஒரே இடத்தில் எழுதிவைக்கும். ஒருவர் எடுப்பதற்குள் இன்னொருவர் கேட்டால் முதல் பதில் போயே போச்சு. ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் போகிற சரக்கு வேறு. ஒரு நோயாளியின் தேதி இன்னொருவர் பெயரில் ஏறிவிடுமே என்று சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"பகல் பூரா டெஸ்ட் ஓடிச்சு, ஒரு தப்புகூட வரல. சேஃப்னு போடுங்க, நாளைக்கு ரிலீஸ்," என்றான் சென்னையிலிருந்து மேலாளர் ரஞ்சித். "தப்பு வருதுன்னு காட்டுங்க, மாத்திக்கலாம்." அவளாலும் காட்ட முடியவில்லை.

அன்று சதுர்த்தசி. ஜைன வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மாமனாருக்கு அன்று உப்பில்லாத விரதம். அவர் கூட்டைத் தனியாகச் சமைத்தவள், தட்டுகளை வழக்கம்போல ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, உப்பு இருக்குது?"

"அப்போ உங்க தட்டு எங்கிட்ட வந்துட்டுது நைனா," என்றான் அவள் கணவன் செந்தில். "உப்பு இல்லன்னு சொன்னா கோச்சிக்குவாளேன்னு பேசாம சாப்ட்டேன். தெனமும் மாறித்தான் இருக்கும். மத்த நாள்ல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, யாருக்குத் தெரியப்போவுது?"

சுதர்சனாவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. டெஸ்டில் எல்லா த்ரெட்டும் கேட்டது ஒரே தேதியை. பதில் மாறினாலும் எப்படித் தெரியும்? ஓடிப்போய் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தேதி கொடுத்து ஓட்டினாள். தப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன; அப்படியே ரஞ்சித்துக்கு அனுப்பினாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்தபோது மாமனார் வாய் கொப்பளித்து, சட்டியில் மீதியிருந்த உப்பில்லாக் கூட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"சேஃப் இல்லைன்னே போடுங்க," என்று ரஞ்சித் போன் செய்தான். "இது எப்படித் தோணிச்சு?"

"எங்க மாமாவுக்கு உப்பு போட்டுட்டேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த சதுர்த்தசியிலிருந்து அந்த வீட்டில் மாமனார் தட்டு மட்டும் தனியாக வருகிறது.