மண்டோர் நின்றால் யார் உட்காருவது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு லோரியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே தோட்டத்துத் திடலில் இருபத்தைந்து பேர், ஐந்து வரிசையாக. சிலர் நிற்கிறார்கள், சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். போராட்டமா? அதெல்லாம் இல்லை... ஆராய்ச்சி!

எல்லாம் என் மச்சினி மல்லிகாவின் வேலை. புக்கிட் பெலிம்பிங் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது யுனிவர்சிட்டியில் மாஸ்டர்ஸ் செய்கிறாள். மூளையைப் போலக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர்தான் அவள் தலைப்பு. ஓர் எழுத்தைப் பழக்கிவிட்டால், பிறகு அரைகுறையாகக் காட்டினாலும் முழு எழுத்தையும் கண்டுபிடித்துவிடுமாம். மேட்டில் எங்கே ஊற்றினாலும் தண்ணீர் பள்ளத்துக்கு வந்து சேருகிற மாதிரி.

புரபசருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பகுதி கெட்டாலும் எழுத்து தப்பிக்கும் என்கிறாயே, திங்கட்கிழமை நிரூபி, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்றுவிட்டார். யுனிவர்சிட்டியின் பெரிய கம்ப்யூட்டரில் அவள் முறை வரவோ இன்னும் மூன்று வாரம். நானாக இருந்தால் தலைப்பை மாற்றியிருப்பேன். இவள் கம்ப்யூட்டருக்குப் பதில் ஆட்களை நிறுத்திவிட்டாள்!

ஆளுக்கொரு கார்டு. அதில் சில பெயர்கள் – பாதிப் பேர் கூட்டாளி, பாதிப் பேர் எதிரி. நான் பெயர் கூப்பிட்டதும் அவர் சுற்றிப் பார்க்க வேண்டும். கூட்டாளி செய்வதைச் செய்ய ஒரு ஓட்டு, எதிரி செய்வதற்கு நேர்மாறாக ஒரு ஓட்டு. எது அதிகமோ அதன்படி நிற்க வேண்டும் அல்லது உட்கார வேண்டும். கார்டுகளுக்குள் 'ட' ஒளிந்திருப்பதும், கடைசியில் நிற்பவர்கள் மேலிருந்து பார்த்தால் அந்த வடிவில் தெரிவார்கள் என்பதும் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆரம்பத்தில் வேண்டுமென்றே எட்டுப் பேரைத் தப்பாக நிறுத்தினாள்.

கூப்பிட்டேன். கடைசியில் என்ன வந்தது? 'ட' இல்லை. மொத்தப் பேரும் நின்றார்கள்!

"இன்னொரு தடவ," என்றாள் மல்லிகா. மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவையும். கார்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. பிறகு வரிசைக்குள் போய்க் கேட்டாள்.

"லெட்சுமிக்கா, ஒங்க கார்டுப்படி நீங்க உக்காரணுமே?"

பால்மரம் வெட்டும் லெட்சுமியக்கா முன்வரிசையைக் கண்ணால் காட்டினார். "மண்டோரு நிக்கிறாரு பாப்பா. நாங்க எப்பிடி லா உக்காருறது?"

அட! மரியாதைக்காக மண்டோரை, அதாவது தோட்டத்து மேஸ்திரியை, முதல் ஆளாக நிறுத்தியிருந்தாள். தினமும் வேலை வாங்குகிறவர் கண்ணெதிரே நிற்கும்போது கார்டை யார் பார்ப்பார்கள்?

அந்தத் தோட்டத்தில் அவரை ஒதுங்கச் சொன்னவர்கள் கிடையாது. மல்லிகா நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, நீங்க லோரி மேல ஏறி மாமா பக்கத்துல நில்லுங்க."

"அப்போ என் எடம்?"

"காலியாவே இருக்கட்டும்யா. ஒண்ணு கொறஞ்சா என்ன ஆவுதுன்னு பாக்கணும்."

மண்டோர் முகம் கறுத்துப்போய் மேலே ஏறினார். மல்லிகா பழையபடி எட்டுப் பேரைத் தப்பாக நிறுத்தினாள். நான் மறுபடி பெயர் கூப்பிட்டேன். ஒருவர் உட்கார்ந்தார், இன்னொருவர் எழுந்தார்... உச்சியில் ஓர் ஓட்டையோடு, திடல் முழுக்க 'ட'! நான் கத்தியே விட்டேன். மல்லிகா சிரிக்கக்கூட நேரமில்லாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை புரபசர் இரண்டு மணி நேரம் குடைந்தார். தலைப்பு தப்பித்துவிட்டது.

நம் சங்கங்களிலும் ஆபீசுகளிலும் எத்தனை பேர் சொந்தக் கார்டைப் பார்க்கிறோம், சொல்லுங்கள்?

மண்டோர் இப்போது சாப்பாட்டுக் கடையில் எல்லாரிடமும் சொல்கிறாராம், "என்னாலதான் அந்தப் பாப்பா செயிச்சிச்சு" என்று.

பொய்யா என்ன? அவர் விலகியதால்தானே ஜெயித்தாள்!