விரிசல் விழுந்த போனும் வீற்றிருந்த தெய்வங்களும்

நாள்காட்டித் தொழிலில் இருப்பவன் எப்போதும் அடுத்த ஆண்டிலேயே குடியிருக்கிறான். நடப்பு ஆண்டுக்கு அவன் வந்து போவது உணவு உண்ணவும் மருந்து விழுங்கவும் மட்டுமே. சிவகாசியில் ஓர் அச்சகத்தில், நாள்காட்டிகளுக்கு உரிய தெய்வத் திருவுருவங்களைத் தொகுத்துக் காத்து, கேட்பவர்க்குக் கேட்ட உருவத்தை எடுத்துத் தருவது என் பணி. கணினிக் கோப்பு ஒன்றை எங்கோ வைத்துவிட்டு எங்கெங்கோ தேடியவர்களே, மின்னேற்றம் ஒரு விழுக்காட்டில் நிற்கும்போது எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைத்தவர்களே, நீங்கள் என் உறவினர். உங்களிடம் சொல்லாமல் இவற்றை நான் வேறு யாரிடம் சொல்வேன்?

பெரிய கணினி கண்மூடியது

ஆனி மாதத்தில் ஒரு நண்பகல், மின்சாரம் போயிற்று. போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது. அந்த வரவைத் தாங்காமல், படங்களையெல்லாம் சுமந்திருந்த எங்கள் பெரிய கணினி மெல்லிய புகை ஒன்றை விட்டு அடங்கியது. படங்களின் நகல் தனியே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது இறையருள். முதலாளி மதுரையிலிருந்து புதிய கணினியையும், அதனுடன் ஒரு பொறியாளரையும் தருவிக்க எண்ணினார். பொறியாளர் உட்கார நாற்காலி வேண்டும். அச்சகத்தில் இருந்த ஒரே உபரி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் காத்தவர் மும்தாஜ் அம்மையார். விருதுநகரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து, எங்கள் திருவுருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர். எந்தத் தெய்வத்துக்கு எந்தக் கையில் எந்த ஆயுதம் என்பதை என்னிலும் பிழையின்றிச் சொல்வார். தம் மகளிடம் இருந்த, முதுகில் விரிசல் விழுந்த பழைய போனைக் கொண்டுவந்து, அதில் ஒரு செயலியை இட்டு, படங்களையெல்லாம் உள்ளே அடுக்கினார். அச்சகத்து வைஃபையில் இருப்பவர் எவரும் தம் போனில் ஓர் எண் முகவரியைத் தட்டினால் போதும். உள்ளிருக்கும் படங்கள் யாவும் காட்சி தரும். வைஃபை இல்லாத இடத்தில் அந்தப் போனே தன் ஹாட்ஸ்பாட்டை விரித்துக்கொள்ளும். உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்வர். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆடிப்பெருக்கு வரைக்கும் பாக்கேன் அண்ணாச்சி. ஆல்பம் பூசையன்னைக்கு ஏஜெண்டுக முன்னாடி இது ஒரு தரம் நின்னுச்சுன்னா, போனும் நீங்களும் சேந்து வீட்டுக்குப் போயிருங்க."

காய்ச்சல்

அச்சகத்தில் மின்சாரம் தடுமாறாமல் வரும் இடம் ஒன்றே ஒன்று: சுவாமி படங்கள் வைத்த தட்டின் அருகே, சீரியல் விளக்கைச் செருகுவதற்கென்று சுவரில் அமைந்த துளை. ஆகவே சர்வரும் அத்தட்டிலேயே எழுந்தருளியது. முதல் வாரம் ஒரு சங்கடம். நெடுநேரம் எவரும் தொடாவிட்டால், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அது தானே உறங்கிப்போகும். உடனே அச்சுத் தகடு செய்யும் கருப்பசாமி தம் அறையிலிருந்து, உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்திவிட்டதா என்று குரல் கொடுப்பார். நான் ஓடிச் சென்று திரையைத் தட்டி எழுப்புவேன். ஒரு நாளில் பதினெட்டு முறை நடை திறந்த அர்ச்சகர் இவ்வுலகில் நான் ஒருவனாகவே இருப்பேன்.

மும்தாஜ் அம்மையார் எந்த அமைப்பையோ மாற்றி அதன் உறக்கத்தைப் போக்கினார். உறக்கம் போன இடத்தில் சூடு வந்தது. ஒரு காலை நான் வந்தபோது போனின்மேல் நான்காய் மடித்த ஈரத்துணி கிடந்தது. அதற்கு மேல் ஒரு முழம் மல்லிகை. பதறி எடுத்துத் துடைத்து, மின்விசிறியின் முன்னே வைத்தேன். இதைச் செய்தது யார் என்று கேட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த ராக்கம்மாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அமைதியாக விடை சொன்னார்: "ரெண்டு நாளா மேலு கொதிக்குது அண்ணாச்சி. உள்ள அம்புட்டுச் சாமியும் இருக்காகன்னு நீங்கதான சொன்னீக, அவுகளுக்கு வேகாதா?"

சாத்தூர்ப் பேருந்து

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி வணிகருக்குப் படங்கள் காட்டவேண்டியிருந்தது. சர்வரைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். நெஞ்சோடு தெய்வங்கள் அத்தனையும் பயணம் செய்கின்றன என்ற நினைப்பே ஒரு போதையாய் இருந்தது. ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்ததையும் அதற்குக் கடவுச்சொல் இல்லாததையும் அந்தப் போதை எனக்கு நினைவூட்டவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னிருக்கையில் ஒரு சலசலப்பு. பேருந்தில் இலவச வைஃபை கிடைப்பதாகவும், ஆனால் ஒன்றும் ஓடவில்லை என்றும் ஒருவர் குறைபட்டார். இன்னொருவர் அரசாங்கத்தைக் கடிந்தார். குற்ற உணர்ச்சியோடு எழுந்து நின்று, அந்த வைஃபை என் சட்டைப்பையிலிருந்து வருவதையும், இந்த எண்ணைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்பதையும் அறிவித்தேன். சிறிது நேரத்தில் பேருந்து கோயிலாயிற்று. ஒருவர் கையில் கஜலட்சுமி, ஒருவர் கையில் பள்ளிகொண்ட பெருமாள். ஓர் அம்மையார் தம் குலதெய்வம் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்குச் சீட்டுக் கிழித்தபடியே நடத்துநர் சொன்னார்: "வண்டியில வைஃபை இருக்கு, போட்டுக்கோங்க. சாமி மட்டுந்தான் தெரியும், வேற எதையும் தேடாதீக."

பாதம் முதல் முடி வரை

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலை நடத்தும் மாரிக்கனி எங்கள் அச்சகத்தின் மிகப் பெரிய ஆர்டர்க்காரர். தம் விற்பனையாளர்கள் எல்லாருக்கும் ஆண்டுதோறும் முருகன் நாள்காட்டி தருபவர். அவர் ஒரு படத்தைத் தேர்ந்துவிட்டால், ஆடிப்பெருக்கன்று மற்ற ஏஜெண்டுகளும் அதையே நாடுவார்கள். ஆகவே முதலாளி என்னை அனுப்பினார். நானும் சர்வருக்கு முழு மின்னேற்றம் செய்து, விபூதியும் இட்டு எடுத்துச் சென்றேன். வாயிலில் காவலர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டாசு ஆலைக்குள் போன் போகக்கூடாது என்பது இந்த வட்டாரத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். ஆயினும் நான் கொண்டுவந்தது சர்வர் என்றே என் மனம் நம்பியிருந்தது, போன் என்று அல்ல. காவலர் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. எனக்கு ஒரு டோக்கனைக் கொடுத்து, தெய்வங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மாரிக்கனியின் முன் வெறுங்கையோடு நின்றேன். லோடு கிளம்பும் அவசரத்தில் அவர் வாயிலுக்கு வர இயலாது. நானும் திரும்பிச் சென்றால் நாற்காலிக்குத் திரும்பமுடியாது. படம் எங்கே என்றார். கண்ணை மூடிக்கொண்டு, திருவடியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சிலம்பு, கழல், பட்டு, இடைக்கச்சு, மார்பில் கடம்ப மாலை. வாழ்நாளெல்லாம் ஓதிப் பழகிய வாய். தொடங்கிவிட்டால் எனக்குக் கட்டுப்படாது. தோள்களுக்கு ஏறினேன், கைகளுக்குச் சென்றேன், ஒவ்வொரு கையையும் அதன் படையோடு விரித்தேன், முகங்களைச் சொன்னேன், முடியைச் சொல்லி முடித்தேன். கண் திறந்தபோது மாரிக்கனி கைகூப்பி நின்றார். அவர் பின்னால் பெட்டி கட்டும் பெண்கள் நால்வரும் நின்றிருந்தனர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த முருகன்தான் அண்ணாச்சி. நீங்க சொன்னதுல ஒண்ணு கொறையக்கூடாது. ஆடிப்பெருக்குக்கு நானே நேர்ல வந்து பாக்கேன்."

பாக்கிக் கைகள்

பெருமிதத்தோடு அச்சகம் திரும்பி, நடந்ததை மும்தாஜ் அம்மையாரிடம் விவரித்தேன். வருணனையையும் ஒருமுறை பாடிக் காட்டினேன். அவர், நான் காட்டப் போன முருகன் படத்தைச் சர்வரிலிருந்து எடுத்துத் தம் கணினியில் திறந்து என் பக்கம் திருப்பினார். அழகிய படம். மயிலருகே வேலோடு நிற்கும் பால முருகன். ஒரு முகம், இரண்டு கை. நான் ஏழாயிரம்பண்ணையில் சொல்லிவிட்டு வந்தது ஆறு முகமும் பன்னிரண்டு கையும்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். என்னிடம் அப்போதும் இரண்டு கைகள்தான் இருந்தன. மாரிக்கனியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கண்ணீர் விட்டுக் கேட்டவரிடம் கையைக் குறைப்பது எவ்வாறு என்று மும்தாஜ் அம்மையார் திருப்பிக் கேட்டார். பின்பு எழுதுகோலை எடுத்து, எந்தக் கையில் என்ன என்று என்னை வரிசையாகச் சொல்லவைத்துக் குறித்துக்கொண்டார். ஒன்பதாம் கையில் நான் தயங்கியபோது அவரே சொல்லிக்கொடுத்தார். குறித்து முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்: "எட்டு நாளுல அஞ்சு முகம், பத்துக் கை. இனிமே எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வாயைத் தொறக்குறதுக்கு முந்தி என்னையக் கேட்டுக்கோங்க அண்ணாச்சி."

ஆடிப்பெருக்கு

பத்துக் கைகளும் ஆடிப்பெருக்கன்று காலையில் முடிந்து சர்வரில் ஏறின. அந்நாளில்தான் எங்கள் ஊர் அச்சகங்கள் புதிய ஆண்டின் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைப் பூசையிட்டு வெளியிடும். பல ஊர் ஏஜெண்டுகள் வரிசையாய் அமர்ந்திருந்தனர், முன்வரிசையில் மாரிக்கனி. ஆல்பத்துக்குப் பூசை, இயந்திரங்களுக்குப் பூசை, அப்புறம் தட்டில் இருந்த சர்வருக்கும் பூசை. முதலாளி அன்று பக்தியில் நிறைந்திருந்தார். சுற்றி இருந்தவற்றுக்கெல்லாம் தம் கையாலேயே சந்தனம் இட்டார். போனின் முகத்தில் இட்டால் படம் மறையும் என்று நாகரிகமாக எண்ணி, மின்கம்பியைக் கழற்றி, அடியில் இருந்த சிறு துளையில் அழுத்தி இட்டார். நான் ஏஜெண்டுகளுக்கு எண் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை.

ஏஜெண்டுகள் படம் புரட்டிய நேரமெல்லாம் பழைய பேட்டரி வடிந்துகொண்டிருந்தது; கம்பி கழன்று கிடப்பதைக் கண்டு நான் மீண்டும் செருகினேன், அது உட்காரவில்லை. ஏழு விழுக்காடு. மும்தாஜ் அம்மையார் ஊதுவத்திக் குச்சியின் முனையைச் சீவி எடுத்து வந்தார். அவர் ஒருபுறம் சந்தனம் தோண்ட, நான் மறுபுறம் எல்லாரையும் விரைந்து படங்களை இறக்கிக்கொள்ளும்படி இனிமையாகக் கெஞ்சினேன். ஐந்து. மூன்று. மற்றவர் எல்லாரும் பெற்றுவிட்டனர். மாரிக்கனியின் படம் மட்டும் மிகப் பெரிய கோப்பு. மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. ஆறு முடி வந்தது, ஆறு முகம் வந்தது. பன்னிரண்டு கைகளையும் அவர் விரல்விட்டு எண்ணினார், சரியாய் இருந்தது. பட்டு வந்தது. முழங்கால் வந்தது. அங்கே சர்வர் அணைந்தது. திருவடி இன்னும் வரவில்லையே என்று அவர் உரக்கக் கேட்டார். அவை முழுதும் திரும்பிப் பார்த்தது, முதலாளியும் பார்த்தார்.

நாற்காலி போயிற்று என்று உறுதியாக அறிந்த பின் வரும் ஒரு நிம்மதி உண்டு. அதை நான் அரை நிமிடம் அனுபவித்தேன். போன் நின்றுவிட்டது, முதலாளி என்று நானே சென்று சொன்னேன். அவர் போனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். துளையில் அப்பியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். தம் வலக்கை மோதிரவிரலைப் பார்த்தார். மும்தாஜ் அம்மையார் போனை அவரிடமிருந்து வாங்கி, எஞ்சிய சந்தனத்தையும் குச்சியால் எடுத்துக் கம்பியைச் செருகினார். சற்றுப் பொறுத்து அது விழித்தது. மாரிக்கனி மறுபடி முகவரியைத் தட்டினார். இம்முறை முழங்கால் கடந்து, கழல் கடந்து, திருவடி வந்தது. அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இரண்டாம் முறை தொட்டதும் திருவடி இருமடங்காய்ப் பெருகித் திரையை நிறைத்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் நின்றதால் அனைவரும் நின்றனர். அந்தக் கூட்டத்தின் நடுவே முதலாளி என் காதருகே வந்து, விரலை வேட்டியில் துடைத்தபடி சொன்னார்: "சந்தனம் வச்சது யாருன்னு நீங்க கேக்காதீக அண்ணாச்சி, போன் நின்னுச்சான்னு நானும் கேக்கல, போய் உங்க சேர்ல உக்காருங்க."

எல்லாத் தெய்வங்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரில் கம்பி செருக ஒரு துளை கிடைக்காதா என்று ஊர் ஊராகத் தேடி அலைவதே எங்கள் தொழில்.