அத்தை கல்யாணத்துச் சிரங்கு

எனக்கு எட்டு வயதில் சிரங்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒட்டி உட்கார்ந்தவளிடமிருந்து வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் புதுச்சத்திரம் பக்கம் பிள்ளைகளுக்குச் சிரங்கு வருவது பல் விழுந்து முளைப்பது போலத்தான். அம்மா குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்து, கிணற்றடியில் என்னை நிறுத்திப் பூசுவாள். எரிச்சல் தாங்காமல் நான் குதிக்கிற குதியில் கொட்டகை மாடுகள் மிரளும். நாலு நாள் அடங்கிக் கிடந்து ஐந்தாம் நாள் மறுபடி அரிக்கும்.

அப்பாவின் கடைசித் தங்கையான அத்தையும் நானும் ஒரே பாயில் படுப்போம். நான் சொறிந்துகொள்ளாமல் இருக்க என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பூட்டிக்கொண்டு அத்தை தூங்குவாள். பங்குனியில் அவள் ஆட்டையாம்பட்டிக்குப் போனாள். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த பெரிய அத்தைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். ஒரு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது விரல் இடுக்குகளில் பொரிப் பொரியாக இருந்தது.

அவள் பின்னாலேயே ஒரு வரனும் வந்தது. பெரிய அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நூல் கடை வைத்திருந்த பையன். காடு, தோட்டமும் உண்டு. அப்பா மூன்று முறை போய்ப் பார்த்தார். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எட்டிப் பார்த்தார். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகுதான் சரி என்றார். தானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். பத்து நாள்தான் இருந்தது. அத்தையின் கையோ ஆறவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும்கூட அரிக்க ஆரம்பித்துவிட்டது. பெருநோயின், அதாவது குஷ்டத்தின், ஆரம்பம் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ அம்மாவின் காதில் ஓதிவிட்டார்கள். அம்மா அடுப்படியிலேயே அழுதாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். நின்ற கல்யாணத்துக்குக் காரணம் ஊருக்குத் தெரிந்தால் அத்தைக்கு அப்புறம் கல்யாணமே கிடையாது. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், கூறைச்சேலை எடுக்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு கரிப் புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பினார்.

பிள்ளைகளுக்குத் தோலில் வருகிற எந்த வினைக்கும் அந்த டாக்டரம்மாதான் என்று சேலம் முழுக்கப் பேச்சு. அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஃபேர்லேண்ட்ஸில் இருந்தார். வராந்தாவில் கால் வைத்ததும் எனக்குத் திருவிழாவுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. தலையில் வட்ட வட்டமாகப் படை வந்து மொட்டையடித்திருந்த அண்ணன் தம்பி இருவர், மண்டையை மண்டையால் முட்டி விளையாடினார்கள். வாயைச் சுற்றி ஊதா மருந்து தடவிய ஒரு குழந்தை அதை நக்கிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஊதா நாக்கைக் காட்டியது. வேர்க்குருவுக்கு வெள்ளை மருந்து பூசிய கைக்குழந்தை ஒன்று, மாவில் புரட்டியெடுத்த மாதிரி அம்மா மடியில் தூங்கியது.

அப்பா சட்டென்று நின்றார். ஓரத்து பெஞ்சில் ஒரு ஆளும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை என்று தெரிந்துகொண்டேன்.

"ஏனுங், நீங்க இங்கெங்கீங்?" என்றார் அப்பா.

"பல்லுக் காட்டலாமுன்னு வந்தமுங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நீங்க?"

"சேலை எடுக்கலாமுன்னு வந்தமுங்க."

தோல் டாக்டரிடம் பல்லைக் காட்டுவானேன் என்று அப்பா கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேலை விற்கிறார்களா என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை கைகளைத் துண்டுக்குள் வைத்திருந்தார், அவருடைய அம்மா முந்தானைக்குள், அத்தையும் முந்தானைக்குள், அப்பா முதுகுக்குப் பின்னால். வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச்சு நடந்தது. நான் மட்டும் வெளிப்படையாகச் சொறிந்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கதவைத் திறந்து எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "சிரங்குக் குடும்பம் எல்லாரும் உள்ள வாங்க!"

யாரும் மறுத்துச் சொல்வதற்குள் என்னை மேசைமேல் தூக்கி உட்கார வைத்துவிட்டார். என் விரல் இடுக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசி முனையால் வலிக்காமல் எதையோ எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, குழாய் வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். ஆமைக்குஞ்சு மாதிரி ஒன்று காலை ஆட்டிக்கொண்டிருந்தது!

"நடக்குது! அத்தே, நடக்குது!" என்று கத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை நகர்த்திவிட்டுத் தானும் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"இது பெருநோயும் இல்ல, ரத்தக்கேடும் இல்ல. வெறும் பூச்சி," என்றார் டாக்டரம்மா. "கந்தகக் களிம்பு தர்றேன். கழுத்துலருந்து கால் வரைக்கும் மூணு நாள் பூசணும். வீட்ல அத்தனை பேரும் ஒரே நேரத்துல பூசணும், துணியெல்லாம் வேகவைக்கணும். இல்லேன்னா சுத்திச் சுத்தி வரும்."

அப்பா இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, எல்லோர் முன்னாலும் ஆசை தீரச் சொறிந்துகொண்டார்.

"பயப்படாதீங்க, சும்மா பட்டா ஒட்டாது," என்று டாக்டரம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டே போனார். "ஒரே பாயில படுக்கணும், இல்லேன்னா ரொம்ப நேரம் கையோட கை கோத்து வெச்சிருக்கணும்."

"அப்ப என்ற பையனுக்கு எப்புடீங்க வந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. "எங்க ஊட்ல மொதல்ல அவனுக்குத்தானுங்க வந்துச்சு. இவிய வேற ஊடு, நாங்க வேற ஊடு. இன்னும் தாலியே கட்டலீங்களே?"

டாக்டரம்மா அத்தையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அத்தையின் காது மடல் குங்குமமாகச் சிவந்திருந்தது. டாக்டரம்மா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"எல்லாம் இவகிட்டருந்துதான். குழந்தையத் தூக்கி வெச்சுக்கிட்டாலும் ஒட்டும்."

"ஆமாங்க," என்றார் மாப்பிள்ளை, அவசர அவசரமாக. "உங்க ஊருச் சந்தைக்கு வந்தப்ப இந்தப் பாப்பா வழி தெரியாம நின்னு அழுதுச்சுங்க. நாந்தான் ரொம்ப நேரம் தூக்கி வெச்சிருந்தேன்."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. நான் சந்தையில் அழுகிறவளா? எட்டு வயதில் என்னை யார் தூக்குவார்கள்? "பொய்யி! நான் இந்தாளப் பாத்ததே இல்ல! ஆட்டையாம்பட்டிக்குப் போனது அத்..." என்பதற்குள் அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடிவிட்டது. எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டதும் உள்ளே டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தது வராந்தா வரைக்கும் கேட்டது.

இரண்டு ஊரிலும் ஒரே நாளில் களிம்பு பூசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற அண்டாவில் பாய் விரிப்பு, சேலை, கோவணம் எல்லாம் வெந்தது. வீடே தீபாவளி மறுநாள் மாதிரி நாறியது. நாங்கள் மஞ்சள் மஞ்சளாக நடமாடினோம்; கல்யாண வீடாகையால் யாரும் சந்தேகப்படவில்லை. முகூர்த்தத்தன்று அத்தையின் கை வழவழவென்று இருந்தது. அரிப்பு மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பந்தியில் சம்பந்திமார் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் சொறிந்துகொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. 'கல்யாணத்தையே நிறுத்தப் பாத்த சிரங்குக்காரி' என்று என்னைக் காட்டிக் காட்டி எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

ஆனி பிறந்ததும் அப்பா என்னை மட்டும் மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ஒரு கூடை மாம்பழத்தை மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்தமாகப் போய்விட்டது என்றார்.

"பாப்பாவுக்கு இத்தனை பழமா?"

"என்ற தங்கச்சிக்கும் சேத்துத்தானுங்க," என்று அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பழக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அப்பா, அத்தை ஆட்டையாம்பட்டிக்குப் போன மாசம் பூரா நான் நம்மூர்லதான இருந்தேன்? உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுஞ் சாமி."

"அப்ப அவருக்குச் சிரங்கு என்னாலயா வந்துச்சு?"

அப்பா என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவருடைய தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தன.

"உன்னாலதான் சாமி," என்றார். "எல்லாமே உன்னாலதான்."

எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை விவரமான அப்பாவே அந்தப் பொய்யை நம்பிவிட்டாரே என்று.