முதல் மிடறு

மைபெலே வீட்டு வயலில் பருத்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை களை. இன்னும் ஒரு வாரம் விட்டால் அந்த வருஷத்துக்கு வெறுங்கைதான். கணவன் வாங்சோவால் தனியாக முடியாது. வலியே தெரியாமல் செய்யும் திராமோல் என்ற போதை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலை செய்த காலத்தில், களைக்கொத்து தன் காலிலேயே இறங்கியது தெரியாமல் சால் முடியும்வரை கொத்தியவன் அவன். இரண்டு கால்விரல் போன பிறகுதான் மாத்திரையை விட்டான். விட்ட கதையை அவளிடம் கேட்க வேண்டும். வாந்தி, நடுக்கம், கெட்ட வார்த்தை, அப்புறம் அழுகை. மூன்று மாதம் பிள்ளையைப் போல் பார்த்துத் தேற்றியிருந்தாள்.

சோளத்தில் கள் காய்ச்சி ஆள் கூப்பிடுவதுதான் ஊர் வழக்கம். கள் இருக்கும்வரை பத்துப் பேர் களை எடுப்பார்கள். களையெடுப்புக் கூட்டத்துக்குத் தலைவன் ஜோன்வே. அவனைக் கூப்பிடப் போனாள்.

“வெறும் கள்ளா அண்ணி? அதைப் பிள்ளைங்களுக்கு ஊத்து. மருந்து கலந்தாத்தான் வருவோம். எல்லா வீட்டுலயும் கலக்குறாங்க.”

“அவரு விட்டுட்டாருன்னு உனக்குத் தெரியாதா? என் வீட்டுல அது வராது.”

“அப்ப நீயும் உன் புருஷனுமே புடுங்குங்க.”

நாசமாய்ப் போக என்று திட்டிக்கொண்டே சந்தைக்குப் போனாள். வேர்க்கடலை விற்பவளிடமே மாத்திரையும் கிடைத்தது. கடலையைவிட அதுதான் நன்றாகப் போகிறதாம், வெட்கங்கெட்ட ஊர்! பொடித்துப் பெரிய பானையில் கலக்கினாள். வாங்சோவுக்குச் சின்னப் பானையில் சுத்தமான கள். அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஆசை கிளம்பிவிடுமே என்ற பயம்.

காலையில் பத்துப் பேரும் வந்தார்கள். கள்ளில் விஷம் இல்லையென்று காட்ட வீட்டார் முதலில் குடிக்க வேண்டும். காய்ச்சியவள் தானே குடித்தால் தீர்ந்தது என்று நினைத்திருந்தாள். பெரிய பானையிலிருந்து சுரைக்குடுவையில் மொண்டு குடித்தும் காட்டினாள்.

“நீ குடிச்சா ஆச்சா? வயல் அவனோடது. அவன் குடிக்கட்டும்,” என்றான் ஜோன்வே.

அவள் சின்னப் பானையை எடுத்தாள். அதோடு சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

“அவனுக்கு மட்டும் தனிப் பானையா? மருந்தை விட்டவன்னாலும் ஒரு மிடறுல என்ன ஆயிடும்? மருந்துக்குத்தான் நாங்க வந்தோம். வேற என்னத்தைக் கலந்து வச்சிருக்க?”

பத்துப் பேரும் ஓரடி பின்னால் போனார்கள். விஷக்காரி என்று ஒரு முறை பெயர் விழுந்தால், பிறகு அந்தப் பெண்ணுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

மருந்து என்ற சொல்லில் வாங்சோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

“வேணாங்க. யாரும் வேணாம், போகட்டும்.”

“உனக்கு அந்தப் பேரு வேணாம், மைபெலே.” பெரிய பானையில் அவனே மொண்டான். வழக்கத்துக்கு ஒரு மிடறு போதும். அவன் குடுவையைக் கீழே வைக்கவில்லை.

மதியத்துக்குள் வயல் சுத்தமாகிவிட்டது. ஒரு புல் பாக்கியில்லை. எல்லாருக்கும் முன்னால் நின்று பாடிக்கொண்டே கொத்தியவன் வாங்சோதான். அவன் நடந்து வந்த சாலில் சிவப்பாக ஈரம் தெரிந்தது.

“ஏங்க, கால்ல ரத்தம்!” என்று அலறினாள்.

“எங்க?” குனிந்து பார்த்துச் சிரித்தான். பிறகு காலிக் குடுவையை நீட்டினான்.

“பெரிய பானை அடியில கொஞ்சம் இருக்கும். ஊத்து.”