பழம் என்று சொல்லாதவள்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் அரிசிக் கிடங்கின் கதவைத் தினமும் காலையில் திறந்துவிடுபவர் ஒரு மலாய்க்காரர். என்னைக் கண்டதும், "பாலா சுடா டத்தாங்!" என்று குரல் கொடுப்பார். சாதிக்காய் வந்தாச்சு என்று அர்த்தம். மலாய் பாஷையில் பாலா என்றால் சாதிக்காய். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வந்த புதிதில் நானும் சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை, பற்றிக்கொண்டு வருகிறது. ஒற்றை எழுத்து தொலைந்ததால் சாதிக்காய் ஆனவன் நான். அதே எழுத்தால்தான் என் பெண்சாதி இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள். நம் ஊர்ப்பக்கத்து ஜனங்களும் என்னைப் போலக் கப்பலேறியவர்களும் இதைப் படித்துவிட்டு, இப்படியும் உண்டா என்று சொல்லட்டும்.

என் பெயர் பழமலை. விருத்தாசலத்துச் சாமி பெயர். அரியலூர், உடையார்பாளையம் பக்கம் தெருவுக்கு ஒரு பழமலையாவது இருப்பான். கப்பலை விட்டு இறங்கிய அன்று மேஜைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னேன். "பாலமலாய்?" என்றார். "இல்லீங்க சார், பழமலை. ழ, ழ" என்று வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினேன். அவர் என் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பக்கத்து மேஜை டாக்டரிடம் அனுப்பிவிட்டார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து நல்லாயிருக்கு என்று கையெழுத்துப் போட்டார். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. பாஸ் காகிதத்தில் மட்டும் எல் போட்டு எழுதிவிட்டார்கள். நம் ல, ள, ழ மூன்றையும் அந்த ஒரே எல்லில் அடைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் காது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

என் ஊர் தா.பழூர். மனிதனுக்குத்தான் இனிஷியல் என்றால், எங்களுக்கு ஊருக்கே இனிஷியல். அங்கே அஞ்சலையைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுத்தான் இங்கே வந்தேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது நம் பெண்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். அஞ்சலை அதோடு நிற்கவில்லை. என் பெயரில் பழம் இருக்கிறதென்று, பழம் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். சந்தையில் போய், "கனிஞ்ச காய் ஒரு சீப்பு குடுங்க" என்பாள். பழஞ்சோறு அவளுக்குத் தண்ணிச்சோறு. பழூர் என்றுகூடச் சொல்லமாட்டாள், நம்ம ஊரு என்பாள். "பழைய பாயை என்னான்னு சொல்லுவ?" என்று வம்புக்கு இழுப்பேன். "கிளிஞ்ச பாயி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் குடித்தனத்தில் எங்கள் விளையாட்டே அதுதான்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தபின் நான்கு வருஷம் கடிதம் இல்லை, கப்பல் இல்லை. நான் செத்துவிட்டேன் என்று உறவில் சிலர் சொன்னபோது அஞ்சலை தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாளாம். கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்ததும், கையோடு அழைத்துவர மூன்று மாத லீவில் ஊருக்குப் போனேன். இவள் பழமலையின் மனைவி என்று கிராம முன்சீப் அத்தாட்சி கொடுத்தார். அதை இங்கிலீஷில் எழுதித் தந்தவர் அவருடைய மருமகன், திருச்சியில் காலேஜ் படித்தவர். "நம்ம ழகரத்தை விட்டுடக் கூடாதுங்க" என்று சொல்லி, இசட் ஹெச் போட்டு எழுதினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவி, அந்த இரண்டு எழுத்து என் குடியைக் கெடுக்கும் என்று அப்போது தெரியவில்லை.

அஞ்சலை பினாங்கு வருவதற்கான பர்மிட்டுக்கு விசாரணை நடந்த ஆபீஸ் எந்த ஊரில் என்று சொல்லப்போவதில்லை. அதிகாரி தமிழர். வெள்ளைக்காரர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, இவர் மேல்தான். அத்தாட்சியையும் என் பினாங்கு பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு ஆளு" என்றார். என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"உன் புருஷன் பேரு என்னம்மா?"

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வாளத்தாருல காய் முத்திப்போனா என்னாவுமோ, அதுங்க. அதோட குன்னையும் சேத்துக்கங்க."

"கனிக்குன்றா?"

"இல்லீங்க. கனிக்கு இன்னொரு பேரு இருக்குதுங்களே."

சேவகன் முதல் மூன்று பேர் சிரித்தார்கள். "விடுகதை போட இது என்ன கல்யாண வூடா?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார். இந்தப் பெண்ணுக்குத் தன் புருஷன் பெயர் தெரியவில்லை என்று எழுதினார். தெரியாதாம்! சந்தையில் ஒரு பழம்கூடக் கேட்டு வாங்காமல் அந்தப் பெயரைக் காத்தவளுக்கு! அவர் வீட்டு அம்மாள் அவரைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்? உள்ளே போய்க் கத்தினேன். வெளியே தள்ளினார்கள்.

லீவு முடிந்து நான் தனியாகக் கப்பலேறினேன். அஞ்சலை சும்மா இருக்கவில்லை. சொல்லத்தானே கூடாது, எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று கண்டுபிடித்துவிட்டாள். தன் அண்ணனிடம் நான்கே நான்கு எழுத்து மட்டும் கற்றுக்கொண்டாள்: ப, ழ, ம, லை. இரண்டாவது விசாரணைக்கு அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாளாம். அதிகாரி எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. தமிழில் எழுதியது ஃபைலில் சேராது, வாயால் சொல் என்றாராம்.

போன வாரம் மைத்துனரிடமிருந்து கடிதம் வந்தது. 'தங்கச்சி வாயிலேருந்து முந்தானைய எடுத்துச்சு. அப்புறம் சொல்லிடுச்சு. சத்தமாச் சொல்லுன்னாங்க. மறுபடியும் சொல்லுச்சு. பஸ்சுல ஊர் வர்ற வரைக்கும் தலைய நிமித்தல' என்று எழுதியிருந்தார். அதற்கும் பலன் இல்லை. பெயர் தெரிகிறது சரி, ஆனால் காகிதம் இரண்டும் ஒத்துவர வேண்டுமாம். ஆபீசில் கொடுத்த அத்தாட்சியைத் திருத்தினால் மோசடி. ஆகையால் என் பாஸைத் திருத்திக்கொண்டு வர வேண்டுமாம். இங்கே பாஸ் ஆபீசில் போய்க் கேட்டேன். இசட்டும் ஹெச்சும் சேர்த்து இங்கிலீஷில் ஓசையே கிடையாது, திருத்தினால் நீ வேறு ஆள், வேறு ஆளுக்கு இந்த ஊரில் இறங்க அனுமதி இல்லை என்றார்கள். இசட் ஹெச் போட்ட பழமலைக்குப் பெண்சாதி உண்டு, பினாங்கில் வேலை இல்லை. எல் போட்ட பழமலைக்கு வேலை உண்டு, பெண்சாதி இல்லை. இரண்டு பேரும் நான்தான் என்று சொன்னால் கேட்பார் இல்லை.

கடிதத்துக்குள் அஞ்சலை எழுதிய அந்தத் துண்டுக் காகிதமும் இருந்தது. ழவின் வால் கோணிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அதை எல் போட்ட பாஸுக்குள் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நேற்றுத் தெருவில் வாழைப்பழம் வாங்கினேன். எனக்கும் பழம் என்று வாயில் வரவில்லை, மலாயில் பீசாங் என்றுதான் கேட்டேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் வாளப்பளம்தான். அஞ்சலை அன்று ழவை எப்படிச் சொன்னாளோ, பழமலை என்றாளோ பளமலை என்றாளோ, எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகள் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டுவிட்டார்கள். யாருக்காக அதை இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தாளோ, அந்த நான் இன்னும் கேட்கவில்லை.