பேட்டரியின் மூடி

பேட்டரியின் மூடியைத் திருகிக் கழற்றியவள் நான்தான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. மாமா வாங்கிவந்த ரேடியோ கார் பேட்டரியில்தான் பாடும். மாதம் ஒருமுறை அதை சைக்கிள் கேரியரில் கட்டி, கறம்பக்குடிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார். அம்மாவின் தம்பியான அவரும், அவருக்கு இளையவளான சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தி திருச்சிக்கு நர்ஸ் படிக்கப் போய், ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். வீட்டில் அவளுக்கு 'அரை நர்ஸ்' என்று பெயர்.

சார்ஜ் ஏறிய பேட்டரியை அன்று கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு மாமா முகம் கழுவப் போனார். உள்ளே இருக்கும் ஆசிட் கொதிக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதைப் பார்க்கும் ஆசையில் ஒரு மூடியைத் திருகினேன். கொதிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. காலடி கேட்டதும் மூடியைப் பாவாடையில் செருகிக்கொண்டு விலகி நின்றேன். மாமா வந்து, தலைக்கு மேலிருந்த பலகையில் வைக்க அதைத் தூக்கினார். பேட்டரி சாய்ந்தது.

அவர் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, சுவரில் மோதி மோதி வாசலைத் தேடினார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அப்பா தேங்காய் எண்ணெயைத் தேடினார். அடுத்த வீட்டு அம்மாள் தாய்ப்பால்தான் கண்ணுக்கு மருந்து என்று பிள்ளை பெற்றிருந்த தன் மகளை அழைக்க ஓடினார். சித்தி மட்டும் மாமாவைக் கொல்லைக்கு இழுத்துப்போய், சட்டையைக் கிழித்தெறிந்து, துவைக்கிற கல்லில் தலையைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தாள். கோடைக்காலம். விடிந்ததிலிருந்து ஊருணிக்கு நடந்து நடந்து அம்மா சேர்த்திருந்த ஏழு குடம் தண்ணீர். நான்காவது குடத்தில் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு குறுக்கே வந்தார்.

"எண்ணெ வேணாம் அத்தான். தண்ணி மட்டும் நிக்காமப் போகணும்."

ஆறு மாதத்தில் இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று அப்பா கேட்டார்.

"இதெ மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்க."

அம்மா ஐந்தாவது குடத்தைத் தூக்கிவந்தாள். மாமா திமிறினார். போதும் ஆத்தா, விட்டுடு என்று தங்கையிடம் கெஞ்சினார். அவள் அவருடைய இமைகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாதீங்கண்ணே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அழும் மனிதரை இப்படி வதைக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

ஏழு குடமும் தீர்ந்ததும் அக்கம்பக்கத்தில் இரண்டு குடம் வாங்கி, மாமாவோடு மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். கறம்பக்குடி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுகிற வண்டியில் சித்தி ஊற்றிக்கொண்டே வந்தாள். நான் சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் மூடி என் இடுப்பில் குத்தியது. வழியில் ஒரு கண்மாய்க்கரையில், யாரும் பார்க்காதபோது அதை வெளியே வீசினேன்.

தண்ணீர் ஊற்றியது யார் என்று டாக்டர் கேட்டார். சித்தி பயந்துகொண்டே கையைத் தூக்கினாள். ஊற்றாமல் வந்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார். பிறகு, எப்படிக் கொட்டியது என்று மாமாவிடம் கேட்டார்.

"மூடியெ முடுக்காமக் கொண்டாந்துட்டேங்க. என் தப்புதான்."

நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். தானே முடுக்கிய மூடி எப்படிக் கழன்றது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கட்டுப் பிரித்து வீடு திரும்பிய மாமா, நான் பேசும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். வேறு யாரும் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். வலது கண்ணில் பார்வை தெளியவே இல்லை என்று எங்கள் வீட்டில் எனக்கு யாரும் சொல்லவில்லை.