வெட்டாமல் விட்ட எழுத்து

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் செல்லக்கண்ணு ஆசாரியைப் போல நான்கு மொழிகளில் எழுதியவர் யாருமில்லை. அவற்றில் ஒன்றையும் அவருக்குப் படிக்கத் தெரியாது. கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுவது தொழில். தாளில் இருப்பதைப் பார்த்து அப்படியே பளிங்கில் இறக்குவார். படித்தவனுக்குத்தான் பிழை வரும் என்பது அவர் கட்சி.

நோயாளி படுக்கையில் இருக்கும்போதே கல்லுக்குச் சொல்லிவைக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட கல்லில் பெயரின் கடைசி எழுத்தைக் கீறி மட்டும் வைப்பார். சாவுச் சேதி வந்த பிறகே அதில் உளி இறங்கும். முந்திக்கொண்டால் வெட்டியவன் வீட்டில் ஓர் உயிர் போகும். மைத்துனன் சொக்கன் ஒருமுறை முந்தினான். நோயாளி எழுந்து வேலைக்குப் போனார். சொக்கனின் கைக்குழந்தை போய்விட்டது.

1924 ஆடி மாதம், மரக் கம்பெனி குமாஸ்தா முத்து முகம்மது ஒரு பளிங்குத் துண்டோடு வந்தார். ஜெர்மன் சண்டைக் காலத்தில் கிரேக்க தேசத்துச் சலோனிகாவில் ஒரு பழைய ஊரைத் தோண்டியபோது கம்பெனி துரைக்குக் கிடைத்ததாம். கிரேக்க எழுத்து. யாரோ ஒரு பெண்ணின் கல்லறைக் கல், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது.

"கடைசி எழுத்து தேஞ்சுபோச்சாம். சனிக்கிழமை கப்பல்ல துரையோட தம்பிக்குச் சீமைக்குப் போவுது. அதுக்குள்ள வெட்டிருங்க ஆசாரி."

உள்ளறையில் மனைவி வேலம்மா ஒன்பதாவது நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். செல்லக்கண்ணு கல்லைக் கழுவினார். எழுத்துகளின் பள்ளத்தில் பழைய சிவப்பு மை இன்னும் ஒட்டியிருந்தது. கடைசி எழுத்தின் இடத்தை விரலால் தடவினார். தேயவில்லை, உடையவும் இல்லை. வழவழப்பான பளிங்கில் மயிரிழைக் கீறலாக எழுத்து இருந்தது. கீறியவன் அதோடு நிறுத்தியிருந்தான்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா மறுபடி வந்தார்.

"பாய், இது தேயல. வெட்டாம விட்டுருக்கான்."

"விட்டா என்ன?"

"அந்தம்மா செத்த சேதி அவனுக்கு வரல."

முத்து முகம்மது வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு ஆசாரி. இன்னுமா சேதி வரணும்?"

"வந்திருந்தா வெட்டியிருப்பானே."

"துரைகிட்ட இதச் சொன்னா என்னையப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு. நீங்களும் வாங்க, துணைக்கு."

குமாஸ்தா போன பிறகு யோசித்தபோது அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. செல்லக்கண்ணு உளியைக் கீறலில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

உள்ளேயிருந்து வேலம்மாவின் குரல் வந்தது. "வாசல்ல ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்குது. உள்ள கூப்பிடுங்க. பாவம், காலெல்லாம் புழுதி."

வாசலில் யாருமில்லை. மூன்று வாரமாக அடைமழை. புழுதி என்று ஒன்று இருந்ததே ரங்கூனுக்கு மறந்துபோயிருந்தது.

அவர் உளியை வைத்துவிட்டுச் சிவப்பு மையைக் குழைத்தார். கீறலின் மேலேயே, நிழல் விழுவதுபோல எழுத்தைத் தீட்டினார். நாலடி தள்ளி நின்றால் வெட்டிய எழுத்தேதான். துரை மெச்சினார். சனிக்கிழமை கல் கப்பலேறியது. அன்று சாயங்காலம் வேலம்மா கஞ்சி கேட்டாள்.

தீபாவளி கழிந்து முத்து முகம்மது வந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"துரையோட தம்பிகிட்டேருந்து கடுதாசி வந்திருக்கு. பெட்டி நனையல. வைக்கோல் நனையல. மத்த எழுத்துல மை அப்படியே இருக்காம். கடைசி எழுத்த மட்டும் யாரோ விரலால துடைச்சாப்ல இருக்காம். என்ன பதில் எழுதறதுன்னு துரை உங்களக் கேக்கச் சொன்னாரு."

செல்லக்கண்ணு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சேதி வந்ததும் வெட்டித் தரேன்னு எழுதுங்க பாய்."